கூடையைக் காலி செய்வது பயிற்சி ஆகாது: பெங்களூரு டிரைவிங் ரேஞ்சில் பிள்ளைகளுக்கு கோல்ஃப் பழக்கும் முறை

சனிக்கிழமை காலை, கோல்ஃப் பந்தடித்துப் பழகும் எந்த டிரைவிங் ரேஞ்சுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஏழு வயதுப் பிள்ளை, பக்கத்தில் நூறு பந்து நிறைந்த கூடை, பின்னால் அப்பா. முதல் இருபது பந்துகள் நன்றாகப் போகும். நாற்பதைத் தாண்டும்போது தோள் தொய்யும், கால் நகராது, கை மட்டும் வீசும். எழுபதாவது பந்து மேட்டிலிருந்து (நின்று அடிக்கும் செயற்கைப் புல் விரிப்பு, மேட்) உருண்டு பத்தடியில் நின்றுவிடும். "காசு கொடுத்து வாங்கினது, முடிச்சிடு கண்ணா" என்பார் அப்பா. அந்தக் கடைசி முப்பது பந்துகளில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: களைத்த உடம்போடு கையை மட்டும் வீசி அடிப்பது. அடுத்த சனிக்கிழமை முதல் பந்திலேயே அந்த அடி வந்து நிற்கும்.

அதனால் முதலில் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 5 முதல் 7 வயது வரை ஒரு முறைக்கு 25–30 பந்துகள், அரை மணி நேரம். 8 முதல் 10 வயதுக்கு 40–50 பந்துகள், முக்கால் மணி நேரம். 11 வயதுக்கு மேல் 60–70 பந்துகள், ஒரு மணி நேரம். இதற்கு மேல் வேண்டாம். பெரிய கூடைதான் கிடைக்கிறது என்றால் மிச்சப் பந்துகளை நீங்கள் அடியுங்கள், அல்லது இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை ரேஞ்ச், மற்ற நாள்களில் வீட்டில் பத்து நிமிடம் என்பது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்து அடிக்க விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம். ஒவ்வொரு பந்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று இருக்க வேண்டும். எந்த போர்டு (தூரம் எழுதிய பலகை), எந்தக் கொடி என்று பிள்ளை வாயால் சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். இந்தப் பழக்கம் ஒன்று படிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கிளம்பும் முன்

பழைய விமான நிலையச் சாலையை ஒட்டி சல்லகட்டாவில் இருக்கும் கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானம் டொம்லூர், முருகேஷ்பாளையா, அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு தெரிந்த இடம். இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் சிறுமியாக கோல்ஃப் தொடங்கியது அங்கேதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடியபோது அவருக்கு 18 வயது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். நகருக்குள் 1876-இல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் இருக்கிறது. எந்த ரேஞ்சாக இருந்தாலும் போகும் முன் போன் செய்து நான்கு கேள்விகள் கேளுங்கள். உறுப்பினர் அல்லாதவர்களை எந்த நேரத்தில் விடுவார்கள்? பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டா? சிறுவர் கிளப் (பந்தடிக்கும் கோல்) வாடகைக்குக் கிடைக்குமா? பட்டிங் செய்யும், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பச்சைத்தரையைப் பயன்படுத்த விடுவார்களா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வரும் ரேஞ்சுக்குக் கொஞ்சம் தூரமானாலும் போகலாம்.

பல இடங்களில் காலர் வைத்த டி-ஷர்ட் கட்டாயம், செருப்புக்கு அனுமதியில்லை. பிள்ளைக்குத் தனியாக கோல்ஃப் ஷூ வாங்க வேண்டாம், பள்ளிக்கூட கேன்வாஸ் ஷூவே போதும். தொப்பி, தண்ணீர், இரண்டு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு பசியோடு அழைத்துப் போனால் அன்றைய பயிற்சி வீண்.

ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் மாலை நேரத்தில் இடியுடன் மழை வரும் ஊர் இது. காலை 6.30 முதல் 8.30 வரை நல்ல நேரம். மாலையில் போனால், இடிச்சத்தம் காதில் விழுந்த உடனே கிளப்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியாமல் திரும்பி வரக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று பலமாக வீசும். அப்போது பந்து விழும் இடத்தை வைத்து அடியைக் கணிக்காமல், கிளம்பும்போது எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளப்: உயரத்தைப் பார்த்து வாங்குங்கள்

அப்பாவின் பழைய கிளப்பை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. பெரியவர்களின் 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான இரும்புத்தலை கிளப்) ஏறத்தாழ 94 சென்டிமீட்டர் நீளம். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட அக்குள் வரை வரும். அறுத்தால் நீளம் குறையும், தலையின் எடை குறையாது. ஷாஃப்ட்டோ (கிளப்பின் தண்டு) முன்பைவிட விறைப்பாகிவிடும். கனமான தலையைத் தூக்க முடியாத பிள்ளை உடம்பைப் பின்னால் சாய்த்து, இடது முழங்கையை மடக்கி, கிளப்பைத் தோளில் போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு "கையை நேரா வை" என்று திருத்திக்கொண்டே இருப்போம். தவறு கையில் இல்லை, கருவியில் இருக்கிறது.

சிறுவர் கிளப்புகள் வயதைவிட உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டியவை. கடையில் செய்ய வேண்டிய சோதனை இது: பிள்ளை இடுப்பிலிருந்து லேசாகக் குனிந்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கிளப்பைத் தரையில் வைக்கட்டும். கிளப் தலையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிய வேண்டும். வெளிநுனி தூக்கிக்கொண்டு நின்றால் கிளப் நீளம். வளர்கிற பிள்ளையாயிற்றே என்று கொஞ்சம் பெரிதாக வாங்குவதானால், கிரிப்பில் (கைப்பிடியில்) கீழே இறக்கிப் பிடிப்பது 2–3 சென்டிமீட்டருக்கு மேல் போகாத அளவில் வாங்குங்கள். தொடக்கத்தில் நான்கு போதும்: குழிக்குள் உருட்ட பட்டர், கிட்டத்து அடிக்கு ஒரு வெட்ஜ் அல்லது 9 அயர்ன், 7 அயர்ன், தூரத்து அடிக்கு ஒரு ஹைப்ரிட். மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பை ஆறு மாதம் கழித்து வாங்கலாம். வலக்கை ஆட்டக்காரருக்கு கையுறை இடது கையில்.

எந்தக் கை என்ற குழப்பம் நம் வீடுகளில் அதிகம். வலது கையால் எழுதிவிட்டு கிரிக்கெட்டில் இடதுகை மட்டையாளராக நிற்கும் பிள்ளைகள் நிறையப் பேர். ஒரு தென்னந்துடைப்பத்தைக் கொடுத்து, தரையில் கிடக்கும் காகித உருண்டையை ஓங்கித் தள்ளச் சொல்லுங்கள். பத்து முறை வலப்பக்கம், பத்து முறை இடப்பக்கம். எந்தப் பக்கம் உடம்பு தானாகத் திரும்புகிறதோ அதுவே அதன் பக்கம். சிறுவருக்கான இடக்கை கிளப்புகளைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கும், அதற்காகப் பிள்ளையின் பக்கத்தை மாற்றிவிடாதீர்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் வலக்கைக்காரருக்கு, இடக்கைக்காரர் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.

பாதுகாப்பு

இதில் சமரசமே கூடாது. வீசும் கிளப்பின் தலை பட்டால் பல் போகும், கண் போகும். காயம் பெரும்பாலும் பறக்கும் பந்தால் வருவதில்லை, பக்கத்தில் நிற்கும் தம்பி தங்கைக்குக் கிளப் படுவதால் வருகிறது.

அடிக்கும் பிள்ளையிடமிருந்து மற்றவர்கள் குறைந்தது நான்கு பெரிய காலடி தள்ளி நிற்க வேண்டும், நேர் பின்னாலும் நிற்கக் கூடாது. மேட்டில் நிற்கும்போது மட்டுமே கிளப்பை இடுப்புக்கு மேல் தூக்கலாம். நடக்கும்போது தலைப்பக்கம் கீழே. பந்து அரை அடி தூரத்தில் விழுந்தாலும் கோட்டைத் தாண்டி எடுக்கப் போகக் கூடாது. இந்தக் கடைசி விதியை முதல் நாளே செய்து காட்டுங்கள்: நீங்களே ஒரு பந்தைத் தட்டி, அது பக்கத்தில் விழுந்ததும் "அது போனது போனதுதான்" என்று விட்டுவிடுங்கள். சொல்வதைவிடப் பார்ப்பது பதியும். இரண்டு பிள்ளைகள் ஒரே மேட்டில் மாறி மாறி அடித்தால், காத்திருப்பவர் உட்கார ஒரு நாற்காலியை நீங்களே தூரத்தில் போட்டுவிடுங்கள்.

தொடக்கம் குழியிலிருந்து

முதல் நான்கைந்து முறை, ரேஞ்சுக்குப் போனதும் பத்து நிமிடம் பட்டிங் தரைக்குப் போங்கள். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். இரண்டரைப் பந்து அகலம். மூன்றடி தூரத்திலிருந்து அதில் போடும்போது வரும் சத்தம் பிள்ளைக்குப் பிடித்துப்போகும். குழியைச் சுற்றி ஐந்து பந்துகளை வட்டமாக வைத்து, ஐந்தும் விழுந்தால்தான் அடுத்த வட்டம் என்று ஆடலாம். இங்கே கற்பது வெறும் பட்டிங் இல்லை. பந்தின் நடுவில் கிளப்பின் நடு படுவது, கிளப்பின் முகம் (பந்தில் படும் பக்கம்) இலக்கைப் பார்ப்பது, இரண்டும் இங்கே சின்ன அசைவில் பழகிவிடும்.

அதன்பின் சிப்பிங், அதாவது கிட்டத்திலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போடுவது. அதற்கென்று தனி இடம் இருந்தால் 9 அயர்னை எடுத்துக்கொண்டு பத்தடி, இருபதடி. கைகளும் தோள்களும் கடிகார ஊசல்போல ஆடினால் போதும். இதற்கப்புறம்தான் ரேஞ்ச் மேட்.

வீட்டில் ஜமுக்காளத்தை விரித்து, ஓர் ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தால் பட்டிங் பயிற்சி ஆயிற்று. ஆறடியிலிருந்து பத்து பந்து, தினமும்.

பிடி, நிலை, குறி

சின்னப் பிள்ளைகளுக்கு விரல்களைக் கோத்துக்கொள்ளும் பிடி வேண்டாம். பத்து விரலும் கிரிப்பில் படும்படி பிடிப்பதே 9 வயது வரை சரி. கை சிறியது, பிடிக்கு வலு வேண்டும். இடது கை மேலே, வலது கை அதை ஒட்டிக் கீழே. இரண்டு கைக்கும் இடையில் சந்து கூடாது. மேலிருந்து பார்த்தால் இடது கையில் இரண்டு விரல்முட்டிகள் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கிளப்பை உள்ளங்கையில் குறுக்கே வைக்காமல் விரல்களின் அடிப்பாகத்தில் வைக்க வேண்டும். கைகளைத் தலைகீழாக மாற்றிப் பிடிப்பது புதிதாக வரும் பிள்ளைகளிடம் சகஜம், ஐந்து பந்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கிரிப்பில் இடது கட்டைவிரல் வர வேண்டிய இடத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் திருத்த வேண்டிய தேவையே பாதி குறையும்.

எவ்வளவு இறுக்கம்? மூடி திறந்த பற்பசை டியூபைப் பிடித்திருக்கிறாய், பசை வெளியே வரக் கூடாது, டியூப் கீழேயும் விழக் கூடாது என்று சொல்லுங்கள்.

பாதங்கள் தோள் அகலம். 7 அயர்னுக்குப் பந்து நடுவில். கிரிப்பின் நுனிக்கும் தொடைக்கும் இடையில் பிள்ளையின் ஒரு கைமுஷ்டி நுழையும் அளவு இடைவெளி. முழங்கால் லேசாக மடங்கட்டும், உட்காரக் கூடாது.

குறி பார்ப்பதை ரயில் தண்டவாளமாகக் காட்டினால் ஐந்து வயதுக்கும் புரியும். ஒரு தண்டவாளத்தில் பந்து ஓடுகிறது, இன்னொன்றில் நம் கால்விரல்கள். தரையில் இரண்டு கிளப்பை அப்படி வைத்துக் காட்டுங்கள், ஆனால் பந்தடிக்கும் முன் பந்துப் பக்கத்துக் கிளப்பை எடுத்துவிடுங்கள். ரேஞ்சில் ஒரு மறைவான சிக்கல் இருக்கிறது. மேட்டின் விளிம்பே ஒரு கோடுபோல் இருப்பதால் பிள்ளை எப்போதும் அதற்கு நேராகவே நின்று பழகிவிடும். மைதானத்தில் அந்த விளிம்பு இருக்காது, அங்கே குறி தவறும். ஆகவே ஐந்து பந்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே மேட்டுக்குக் குறுக்காக இருக்கும் ஒரு கொடியைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு முறையின் ஓட்டம்

8–10 வயதுப் பிள்ளைக்கு, 45 பந்துகளோடு, இப்படி நகர்த்தலாம்.

முதல் ஐந்து நிமிடம் பந்தே இல்லை. கிளப்பைத் தோளுக்குக் குறுக்கே வைத்து இருபக்கமும் பத்துப் பத்து முறை திரும்பட்டும். பிறகு கிளப்பைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது தலைக்குப் பக்கத்து ஷாஃப்ட்டைப் பிடித்து, வெறுங்காற்றில் வீசட்டும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பந்து இருக்கும் இடத்திலும் அதைத் தாண்டியும் கேட்க வேண்டும். தலைக்கு மேலேயே கேட்டுவிட்டால் வேகத்தை மேலேயே செலவழித்துவிட்டது என்று பொருள். பிள்ளைகள் இதைத் தாமாகவே திருத்திக்கொள்வார்கள், விளக்கம் தேவைப்படாது.

அடுத்து 10 பந்துகள், 9 அயர்னில், இரண்டு பாதமும் ஒட்டி வைத்து. கை இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரைதான். பாதம் ஒட்டியிருப்பதால் உடம்பு ஆடினால் தடுமாறும், சமநிலை தானாக வரும். இலக்கு 20–30 யார்டு. பந்து அங்கே போகிறதா என்பதைவிட நடுமுகத்தில் பட்ட சத்தம் கேட்கிறதா என்று கேளுங்கள்.

அதன்பின் 7 அயர்னில் 20 பந்துகள். இங்கே பாதங்கள் தோள் அகலம், முழு வீச்சு. ரப்பர் டீயின் (பந்தை உயர்த்தி வைக்கும் சின்னத் தாங்கி) மேல் வைத்து அடிக்கலாம், தொடக்கத்தில் அதுவே நல்லது. தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரம் போதும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் முடிவு நிலையில் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். தொப்புள் இலக்கைப் பார்க்க வேண்டும், எடை முழுவதும் இடது காலில், வலது குதிகால் வானத்தைப் பார்த்து. சிறுவர் கோல்ஃபில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பிடிவாதமாகக் கேட்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள். மூன்று எண்ணும் வரை நிற்க முடிகிற பிள்ளையின் வீச்சில் பெரிய கோளாறு இருக்காது. நிற்க முடிகிற வரை எவ்வளவு வேகமாகவும் வீசட்டும். "மெதுவா, மெதுவா" என்று அடக்காதீர்கள். வேகமாக வீசும் வயது இது, குறி பின்னால் வந்து சேரும்.

பத்தாவது பந்து ஆனதும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

கடைசி 15 பந்துகள் விளையாட்டு. அதைக் கீழே சொல்கிறோம். விளையாட்டை வெட்டிவிட்டு இன்னும் 15 'சரியான' அடி வாங்கலாம் என்ற ஆசை வரும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

தகிட – தா

வீச்சின் தாளம் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று. கிளப் மேலே போக மூன்று பங்கு நேரம், மேலிருந்து பந்துக்கு வர ஒரு பங்கு. இதை எண்ணிக்கையில் சொன்னால் பிள்ளைக்கு ஏறாது. நம் பிள்ளைகளுக்கு வேறு வசதி இருக்கிறது. மிருதங்கமோ பரதமோ பழகும் பிள்ளை வீட்டில் உண்டு, இல்லையென்றாலும் சொல்கட்டு காதில் விழுந்திருக்கும். 'த-கி-ட' என்று சொல்லிக்கொண்டே மேலே போகட்டும், 'தா' பந்தின்மேல் விழட்டும். 'தகிட – தா.' பிள்ளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு மேலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு 'ட' விழுங்கப்பட்டுவிடும், அது அதற்கே கேட்கும். பட்டிங்குக்கு இந்தத் தாளம் வேண்டாம். அதற்கு இருபக்கமும் ஒரே அளவு ஊசல்.

எது தவறுகிறது, ஏன்

பந்தின் தலையில் பட்டு உருண்டு போவது. "தலையைத் தூக்கிட்ட" என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. பெரும்பாலும் அது நோய் இல்லை. பந்தைக் காற்றில் தூக்கிவிட வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது, தோசையைத் திருப்புவதுபோல் அடியிலிருந்து நெம்புகிறது. நெம்பும்போது இடது கை மடங்கும், உடம்பு எழும், கிளப் மேலே ஏறி பந்தின் உச்சியில் படும். "தலையைக் குனி" என்றால் பிள்ளை தாடையை நெஞ்சில் புதைத்துக்கொள்ளும், தோள் திரும்ப இடமிருக்காது, இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது: கிளப்பின் முகத்தைக் கையில் கொடுத்து அதன் சாய்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 7 அயர்னில் அந்தச் சாய்வு ஏறத்தாழ 30 டிகிரி. "தூக்குற வேலையை இது பார்த்துக்கும், நீ மேட்டைத் துடைச்சா போதும்." பிறகு பந்தில்லாமல், மேட்டில் கிளப் உரசும் சத்தம் வரும்படி ஐந்து வீச்சு. ஆறாவதாகப் பந்தை வைத்து அதே சத்தம்.

பந்துக்கு முன்னாலேயே தரையில் படுவது. செயற்கை மேட் இந்தத் தவறை மறைத்துவிடும். புல்லில் கிளப் மண்ணில் புதைந்து பந்து ஐந்தடி போகும் அடி, மேட்டில் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே தூக்கிவிடும். பிள்ளை மகிழும், நீங்களும் கைதட்டுவீர்கள். மைதானத்துக்குப் போன அன்று அழுகை. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: 'டிக்' என்று முதலில் பந்துச் சத்தம் கேட்டால் சரி, 'தொப்' என்று மேட் முதலில் கேட்டால் தவறு. சின்னத் துண்டை மடித்துப் பந்துக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் வையுங்கள். துண்டைத் தொடாமல் அடிக்க வேண்டும். இதற்குக் காரணம் பெரும்பாலும் எடை வலது காலிலேயே தங்குவது, ஆகவே முடிவு நிலை எண்ணிக்கைக்குத் திரும்புங்கள்.

வலப்பக்கம் வளைந்து போவது. கிளப் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது, வீச்சு வெளியிலிருந்து உள்ளே வெட்டுகிறது. முதலில் பிடியைப் பாருங்கள். இடது கையில் ஒரு முட்டிகூடத் தெரியவில்லை என்றால் அங்கேயே முடிந்தது விஷயம், கையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினால் போதும்.

அடி எங்கே படுகிறது என்று தெரியவில்லை என்றால், கிளப் முகத்தில் டால்கம் பவுடரைத் தடவி அடிக்கச் சொல்லுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு இது துப்பறிவதுபோல் இருக்கும். ஐந்து பந்துக்குப் பிறகு துடைத்துவிட்டு மறுபடி.

கிரிக்கெட் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தினமும் ஆடுகிற பிள்ளைக்கு பக்கவாட்டில் நிற்பதும், இடது கை மேலே பிடிப்பதும் ஏற்கெனவே வரும். அது பெரிய சொத்து. இடைஞ்சல் இரண்டு. பந்தை நோக்கி முன்காலை எடுத்து வைப்பது ஒன்று. இங்கே பந்து அசையாது, காலை நகர்த்தினால் தூரம் மாறிவிடும். இன்னொன்று, கவர் டிரைவ் ஆடுவதுபோல் இடது முழங்கையை உயர்த்தி, மணிக்கட்டைப் பூட்டி, கிளப் முகத்தை நேராகவே பிடித்துக்கொண்டு போவது. முகம் மூடாமல் பந்து வலப்பக்கம் போகும். பாதம் ஒட்டி அடிக்கும் பயிற்சி இரண்டையும் சரிசெய்யும். கிரிக்கெட்டை நிறுத்தச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

விளையாட்டு

பரமபதம்: 25, 50, 75, 100 யார்டு போர்டுகள் நான்கு படி. ஒரு படியில் இரண்டு பந்து தொடர்ந்து போர்டின் இருபக்கமும் பத்து அடிக்குள் போனால் ஏறலாம். பந்து உருண்டு போனால் பாம்பு, ஒரு படி இறங்க வேண்டும். 15 பந்தில் எங்கே நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் அதே பிள்ளையின் அதே கணக்கோடுதான் போட்டி. அண்ணனோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொன்று, மைதானத்தைக் கற்பனை செய்வது. முதலில் ஹைப்ரிட், பிறகு 7 அயர்ன், பிறகு 9 அயர்ன், மூன்றும் ஒரு குழிக்கான மூன்று அடி. ஒரே கிளப்பில் தொடர்ந்து அடிப்பதைவிட இப்படி மாற்றி மாற்றி அடிப்பது கடினம், அதனால்தான் பயன்.

தூரத்தைக் குறித்துப் பெருமைப்பட வேண்டாம். ரேஞ்ச் பந்துகள் தேய்ந்தவை, வழக்கமான பந்தைவிடக் குறைவாகப் போகும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து பந்து கொஞ்சம் கூடுதலாகவும் போகும். விடுமுறையில் சென்னைக்குப் போய் அடித்தால் அதே அடி குறைவாகப் போவதைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

டிரைவர் வந்த பிறகு பந்தை இடது குதிகாலுக்கு நேராக வையுங்கள். டீ உயரம், பந்தில் பாதி கிளப் முகத்தின் மேல் விளிம்புக்கு மேலே தெரியும் அளவு. ஒரு முறைக்கு எட்டு பந்துக்கு மேல் வேண்டாம்.

பெற்றோர் வாய்

பயிற்சியாளர் இருந்தால் திருத்துவது அவர் வேலை. அவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொல்வதை நீங்கள் தமிழில் வேறு விதமாகச் சொன்னால் பிள்ளைக்கு மூன்று உத்தரவு கிடைக்கும். அன்று அவர் சொன்ன ஒரு சொல்லை அப்படியே கேட்டு வாங்கி, வாரம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். ஒரு முறைக்கு ஒரே திருத்தம். நீங்களே கற்றுக்கொடுப்பதானால், மூன்று பந்துக்கு ஒருமுறைக்கு மேல் பேசாதீர்கள். பந்து போனதும் முதலில் பிள்ளை பேசட்டும். "எங்க பட்டுது கண்ணா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் அதற்கே தெரிந்திருக்கும்.

இடுப்புக்கு மேல் முதுகு, மணிக்கட்டு, முழங்கை, இவற்றில் எங்கே வலி என்று சொன்னாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மேட் கெட்டியானது, ஒவ்வொரு தவறான அடியும் மணிக்கட்டில் இறங்கும். ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகும் வலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கைநடுவில் கொப்புளம் வந்தால் பிடி இறுக்கம், அல்லது கிளப் உள்ளங்கையில் நழுவுகிறது.

ரேஞ்சிலிருந்து மைதானத்துக்கு எப்போது? பத்து பந்தில் ஆறு காற்றில் எழும்பி, முடிவில் நிற்க முடிந்து, பாதுகாப்பு விதிகளை நினைவூட்டாமலே பின்பற்றும்போது. முதல் நாள் ஆட்டம் தொடங்கும் டீ இடத்திலிருந்து ஆட விடாதீர்கள். பச்சைத்தரைக்கு 50 யார்டு முன்னால் பந்தை வைத்து, அங்கிருந்து குழி வரை ஆடட்டும். சராசரி நான்கு அடியில் முடிக்க ஆரம்பித்ததும் 100 யார்டுக்குத் தள்ளி வையுங்கள். அதற்கு இரண்டு மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். பின்னால் ஆட்டக்காரர்கள் வந்து நின்றால் பந்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கி, "நீங்க போங்க அங்கிள்" என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள்.